மின்விசிறியை நிறுத்து, பூச்சி வந்திருக்கிறது!

கண்ணு, சாயங்காலம் விளக்குப் போட்டதும் உன் வீட்டுக்குள் ஒரு பெரிய அந்துப்பூச்சி பறந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் படபடவென்று மோதுகிறது. "ஐயோ, அந்தப் பொடி கண்ணில் விழுந்துவிடும்" என்கிறார் பாட்டி. அண்ணன் துடைப்பத்தைத் தேடுகிறான். நீ என்ன செய்ய வேண்டும் தெரியுமா?

ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்து.

மற்றதெல்லாம் அப்புறம். சுழலும் விசிறியில் அடிபட்டால் பூச்சி பிழைக்காது. விசிறி நின்றதும் ட்யூப்லைட் பக்கம் ஒரு பார்வை பார். அங்கே ஒரு பல்லி காத்திருக்கும். அதற்கு இதுதான் சாப்பாட்டு நேரம். பல்லி எட்டாத இடத்தில் பூச்சி உட்காரும்வரை கொஞ்சம் பொறுமையாக நில்.

"இது என்ன பூச்சி?" என்று உனக்குக் கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? சபாஷ்! விரட்டுவதற்கு முன்னால் பெயரைக் கேட்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் வழியை இன்றைக்குச் சேர்ந்தே பார்த்துவிடுவோம். அம்மாவின் கைப்பேசி, ஒரு அடிக்கோல், ஒரு வெள்ளைத் தாள். இவ்வளவு போதும்.

முதலில் பாட்டியின் பயத்தைப் போக்கிவிடலாம். அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற பொடி விஷம் இல்லை. பூச்சியின் இறகு முழுவதையும் மிக நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. அந்தச் செதில்கள்தான் பொடியாக உதிர்கின்றன. கண்ணில் பட்டால் உறுத்தும். தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும்.

இறகில் நாம் பார்க்கும் நிறம், கோடு, புள்ளி எல்லாமே இந்தச் செதில்களில்தான் இருக்கின்றன. செதில் ஒருமுறை உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. இப்போது நீயே சொல், பூச்சியைக் கையால் பிடித்தால் என்ன ஆகும்? அதன் பெயரைச் சொல்லக்கூடிய அடையாளத்தை நம் விரலாலேயே அழித்துவிடுவோம். அதனால்தான் தொடாமல் படம் எடுக்கச் சொல்கிறேன். புரிகிறதா?

சரி, இந்தப் பூச்சி ஏன் விளக்கைத் தேடி வந்தது? நிலவு என்று நினைத்து ஏமாந்தது என்பார்கள் சிலர். சூட்டைத் தேடி வந்தது என்பார்கள் வேறு சிலர். 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்ற இதழில் சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி முதலிய விஞ்ஞானிகள் வேறொரு பதிலைச் சொன்னார்கள். அதிவேகக் கேமராக்களை வைத்து, விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அவர்கள் படம் பிடித்தார்கள். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பறக்கவில்லை. பறக்கும்போது முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தன.

ஏன் முதுகைத் திருப்ப வேண்டும்? யோசித்துப் பார். இரவில்கூட வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல் பக்கம். அந்தப் பக்கம் முதுகை வைத்தால் நேராகப் பறக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூச்சிகளுக்கு இது சரியாகவே உதவிவந்தது. நடுவில் நாம் விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். பக்கவாட்டில் விளக்கு எரிந்தால் பூச்சி அந்தப் பக்கம் முதுகைச் சாய்க்கிறது. நீ பட்டம் விட்டிருக்கிறாய் அல்லவா? சூத்திரம் ஒரு பக்கமாக இழுத்துவிட்டால் பட்டம் சாய்ந்து சாய்ந்து வட்டமடிக்குமே, அதே கதைதான். விளக்கின் மேல் பூச்சிக்கு ஆசை ஒன்றும் இல்லை. சாய்ந்ததால் விலக முடியாமல் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

விளக்கை அணைத்தால் பாதிக் கலவரம் அடங்கிவிடும் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவிடு. பூச்சி சுவரில் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்துவிட்டதா? சத்தம் போடாமல் வா.

எல்லாப் பூச்சியையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள முடியாது. உலகத்தில் பட்டாம்பூச்சி சுமார் 18,000 வகை என்றால், அந்துப்பூச்சி சுமார் 1,60,000 வகை. இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதனால் இன்றைக்கு ஒன்றே ஒன்றைப் பார்ப்போம். நம் ஊர்த் தோட்டங்களில் வளர்ந்து, வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் பச்சைப் பூச்சி அது. உன் சுவரில் இருப்பது வேறு பூச்சியாக இருந்தாலும் பார்க்கும் முறை இதுவேதான்.

முதல் படத்தை நீ நிற்கும் இடத்திலிருந்தே எடுத்துவிடு. அழகாக வராது, பரவாயில்லை. கிட்டே போகும்போது பூச்சி பறந்துவிட்டாலும் கையில் ஒரு படமாவது மிஞ்சும். அப்புறம் கைப்பேசியின் கேமராக் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடை. காலையிலிருந்து எத்தனை விரல்கள் அதில் பட்டிருக்கும்! பல படங்கள் மங்கலாக வருவதற்கு அந்த விரல் ரேகைதான் காரணம்.

இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்காதே. அப்படிச் செய்தால் பூச்சி பெரிதாகத் தெரியும், ஆனால் நுணுக்கங்கள் கரைந்துவிடும். ஒவ்வொரு அடியாக நீயே கிட்டே போ. முழங்கையைச் சுவரிலோ நாற்காலியிலோ ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. திரையில் பூச்சியின் கண் தெரியும் இடத்தைத் தொடு. கேமரா அந்த இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளும். மூச்சை ஒரு நொடி பிடித்துக்கொண்டு படம் எடு.

ஃப்ளாஷ் வேண்டாம். செதில்கள் அந்த வெளிச்சத்தில் பளபளத்து, நிறமே தெரியாமல் வெளுத்துப்போகும். அக்காவை டார்ச் பிடிக்கச் சொல். டார்ச்சுக்கு முன்னால் நம் வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் மெத்தென்று பரவி விழும். நேர் எதிரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் இறகின் கோடுகள் நன்றாக எழும்பித் தெரியும். அவசரம் இல்லை என்றால் விடியற்காலைவரை காத்திருப்பது இன்னும் நல்லது. சன்னல் வழியாக வரும் காலை வெளிச்சத்துக்கு எந்த டார்ச்சும் ஈடாகாது. பூச்சியும் அப்போது அசையாமல் இருக்கும்.

ஒரே கோணத்தில் பத்துப் படம் எடுத்தால் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று வேண்டும். பூச்சி சன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் உனக்கு யோகம்தான். வெளியே போய்க் கண்ணாடி வழியாக அதன் வயிற்றுப் பக்கத்தையும் எடுத்துவிடலாம். கடைசியாக, பூச்சியைத் தொடாமல் பக்கத்தில் அடிக்கோலைப் பிடித்து ஒரு படம். அளவு தெரியாத படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது பெரிய நிபுணர்களுக்கே சிரமம்.

பூச்சி அழகாகத் தெரிகிற படத்தைவிட, அடையாளம் தெரிகிற படம்தான் எனக்கு உயர்ந்தது. சுவர் அழுக்காகத் தெரிகிறதே என்று நீ கவலைப்படாதே. இறகு நுனி வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்.

திடீரென்று பூச்சி கிடுகிடுவென்று நடுங்குகிறதா? பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்துவிடாதே. பறப்பதற்குத் தயாராகிறது! இந்த வகைப் பெரிய அந்துப்பூச்சிகளால் குளிர்ந்த உடம்போடு பறக்க முடியாது. மார்பில் இருக்கும் பறக்கும் தசைகள் ஏறக்குறைய நம் உடம்பின் அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்காகத்தான் இறகை வேகமாக நடுக்கி, தன்னைத்தானே சூடேற்றிக்கொள்கிறது. நடுக்கம் தொடங்கினால் உனக்கு இருப்பது கொஞ்ச நேரம்தான். கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு விலகி வழிவிடு. பூச்சி அசையாமல் இருக்கட்டும் என்று சிலர் அதைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதுண்டு. நீ அப்படிச் செய்யாதே, செல்லம்.

இப்போது படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்போம், வா.

முதலில் தலை. இரண்டு உணர்கொம்புகள் தெரிகின்றனவா? பட்டாம்பூச்சியாக இருந்தால் கொம்பின் நுனியில் சின்னக் குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிக்கு அநேகமாகக் குமிழ் இருக்காது. நூல் மாதிரியோ கிளைகிளையாகவோ இருக்கும். பல வகைகளில் ஆணின் கொம்பில் கிளைகள் அதிகம். எங்கோ தூரத்தில் இருக்கும் பெண் பூச்சியின் வாசனையைக் காற்றிலேயே பிடிப்பதற்கு அது உதவுகிறது. நம் பச்சைப் பூச்சியின் கொம்பு கிளையில்லாமல், கொஞ்சம் தடித்து, நுனியில் லேசாக வளைந்திருக்கும். உட்காரும்போது கொம்பை இறகுக்கு அடியில் மடக்கி வைத்துவிடும் பழக்கம் பல அந்துப்பூச்சிகளுக்கு உண்டு. முகத்துக்கு நேரே ஒரு படம் கேட்டேனே, இதற்காகத்தான்.

அடுத்து உடம்பு. தடித்த மார்பு. பின்பக்கம் போகப் போகக் கூர்ந்து முடியும் வயிறு. குறுகி நீண்ட முன் இறகுகள் பின்னோக்கிச் சாய்ந்து முக்கோணமாக இருக்கின்றன. இந்த வடிவம் இருந்தால் அது 'ஹாக் மாத்' குடும்பம். பூச்சி உலகத்தில் மிக வேகமாகப் பறப்பவர்களில் இவர்களும் உண்டு.

இனி இறகு. ஆலிவ் பச்சை நிறத்தின்மேல் வெளிர் ரோஜா, வெள்ளை, கரும்பச்சை என்று அலை அலையாகப் பட்டைகள் ஓடுகின்றன. தோள் பக்கத்தில், இறகு உடம்போடு சேரும் இடத்தில், வெளிர் வட்டத்துக்குள் ஒரு கரும்புள்ளி இருக்கிறதா? வயிறு தொடங்கும் இடத்தில் வெளிறிய பட்டை ஒன்று குறுக்கே போகிறதா? அடிக்கோலை வைத்துப் பார்த்தால், இறகை விரித்த அகலம் சுமார் 9 முதல் 11 சென்டிமீட்டர் வரக்கூடிய அளவா?

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் பெயர் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் இதை 'ஓலியாண்டர் ஹாக் மாத்' என்கிறார்கள். அரளிச் செடியை உண்டு வளர்வதால் நாம் அரளி அந்துப்பூச்சி என்று சொல்லலாம். விஞ்ஞானிகளுக்கு இது 'டாப்னிஸ் நெரியை'. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார். ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் வாழ்கிறது. கோடைக்காலத்தில் கடல் கடந்து ஐரோப்பாவரை பறந்துபோகும் பலசாலி.

உனக்கு ஒரு ஆச்சரியமான செய்தி சொல்லட்டுமா? விளக்கைப் பற்றிய ஆராய்ச்சியைச் சொன்னேன் அல்லவா? அதில் விளக்குக்கு முதுகைத் திருப்பாமல் பறந்த பூச்சிகளும் இருந்தன. பழங்களை மொய்க்கும் குட்டி ஈ ஒன்று. இன்னொன்று யார் தெரியுமா? நம் அரளி அந்துப்பூச்சியேதான்! மற்ற பூச்சிகள் தலைகீழாகக் கவிழ்ந்த அதே சோதனையில் இது பாட்டுக்கு விளக்கைத் தாண்டிப் பறந்தது. மற்ற பூச்சிகளின் விதி இதற்கு ஏன் பொருந்தவில்லை? நீ வளர்ந்து பெரியவள் ஆகும்போது, பெரியவன் ஆகும்போது, விடை தேட ஏற்ற கேள்வி இது.

உன் சுவரில் இருப்பது பச்சையாக இல்லையா? பெரிய கரும்பழுப்புப் பூச்சி, இறகை விரித்து, ஒவ்வொரு முன் இறகிலும் ஒரு பெரிய கண் மாதிரிப் புள்ளியோடு இருட்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஆந்தை அந்துப்பூச்சி. முதுகில் மண்டை ஓட்டு அடையாளம் இருந்தால் அதுவும் ஹாக் மாத் குடும்பம்தான். தேன் கூட்டுக்குள்ளேயே புகுந்து தேன் குடிக்கும். தொந்தரவு செய்தால் கீச்சென்று கத்தும். அதைப் பார்த்தால் கெட்டது நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எள் செடியில் புழுவாக வளர்ந்து வந்த பூச்சி அது. யாருக்கு என்ன கேடு செய்யப்போகிறது?

பெயரைச் சரிபார்ப்பதற்கு இப்போது நல்ல வசதிகள் இருக்கின்றன. முன்னெல்லாம் ஜார்ஜ் ஹாம்ப்சன் எழுதிய தடித்த புத்தகங்களைத்தான் புரட்டுவார்கள். இந்திய அந்துப்பூச்சிகள் பற்றிய அந்த நான்கு தொகுதிகளில் முதலாவது 1892இல் வந்தது. இப்போது 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' இணையதளத்தில் வண்ணப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் படத்தைப் போட்டால் அது ஒரு பெயரைச் சொல்லும். ஆனால் செயலி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. அது சொல்லும் பூச்சியின் தோளில் புள்ளி இருக்கிறதா, வயிற்றில் பட்டை இருக்கிறதா என்று நீயே பார். அரளி அந்துப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தமான வேறொரு பூச்சியும் நம் நாட்டில் உண்டு. அதன் நிறம் இன்னும் அடர்ந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல நல்ல கண் வேண்டும். விவரம் தெரிந்தவர்களும் அந்தச் செயலியில் வந்து பார்த்துச் சொல்வார்கள். படத்தைப் போடும்போது அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். வீட்டு முகவரி வேண்டாம், ஊர் பெயர் போதும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு நோட்டுப் புத்தகம் எடு. தேதி, நேரம், ஊர், மழை பெய்ததா, எந்த விளக்கு எரிந்தது, வீட்டைச் சுற்றி என்ன செடிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுது. செடி எதற்கு என்று கேட்கிறாயா? மிக நல்ல கேள்வி. இந்தப் பூச்சி ஏதோ ஒரு செடியில் புழுவாகத்தானே வளர்ந்திருக்கும்? அந்தச் செடி உன் வீட்டு வாசலிலேயே இருக்கலாம்.

அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி. இந்த மூன்றில் ஒன்றாவது நம் தெருவில் இல்லாமல் இருக்குமா? தாய்ப்பூச்சி இளம் இலைகளில் வெளிர்பச்சை முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாளில் புழு வெளியே வரும். வளர்ந்த புழு உன் சுண்டுவிரலைவிடப் பெரிதாக இருக்கும். பச்சை உடம்பு, வாலில் ஒரு சின்னக் கொம்பு. தலைக்குச் சற்றுப் பின்னால் கருவளையம் போட்ட இரண்டு நீலக் கண்கள்!

உண்மையில் அவை கண்களே இல்லை. நிறப்புள்ளிகள்தான். யாராவது தொந்தரவு செய்தால் புழு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இடம் உப்பி, நீலப் புள்ளிகள் முழித்துப் பார்ப்பது போலத் தெரியும். கொத்த வந்த பறவை ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணம் போதும், பல நேரம் உயிர் தப்பிவிடும். முழுதாக வளர்ந்ததும் பச்சை மாறிப் பழுப்பாகும். தரைக்கு இறங்கிக் காய்ந்த இலைகளுக்கு நடுவில் கூட்டுப்புழு ஆகிவிடும். தோட்டத்துச் சருகை எல்லாம் கூட்டிக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று இப்போது உனக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அரளிச் செடி முழுவதும் விஷம். இலையைக் கிள்ளாதே, பாலைத் தொடாதே. புழுவைக் கண்ணால் பார்த்தால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார். வேறு வகைப் புழுக்களில் உடம்பெல்லாம் முடி இருந்தால் அவற்றையும் தொடக்கூடாது. அரிக்கும்.

படம் எடுத்தாயிற்று, பெயரும் கிடைத்தது. விருந்தாளியை எப்படி அனுப்புவது? ஒரு அகலமான கண்ணாடி டம்ளரை மெதுவாகப் பூச்சியின்மேல் கவிழ். விளிம்பில் இறகு நசுங்கக்கூடாது. சுவருக்கும் டம்ளருக்கும் நடுவில் தடித்த அட்டை ஒன்றை நுழை. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போ. பகலில் விட்டால் காக்கையும் கரிச்சானும் பார்த்துவிடும். பகலாக இருந்தால் அடர்ந்த செடியின் நிழலில், இலைக்கு அடியில் உட்காரவை. இருட்டியதும் விடுவது எல்லாவற்றிலும் நல்லது. வாசல் விளக்கை அணைத்துவிட்டு விடு.

இருட்டில் அதற்குக் கண் தெரியுமா என்று கவலைப்படுகிறாயா? 2002ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்முட் கெல்பரும் நண்பர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அந்துப்பூச்சியைச் சோதித்தார்கள். நட்சத்திர வெளிச்சத்தில்கூட அது நிறங்களைப் பிரித்துப் பார்த்தது. நமக்கு அந்த வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறம்தான்! நம் பூச்சியும் அந்தியில் மல்லிகை போன்ற மணக்கும் பூக்களுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி, சுருட்டி வைத்த நீளமான உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும்.

ஜூலை மாதக் கடைசியில் 'தேசிய அந்துப்பூச்சி வாரம்' என்று ஒன்று நடக்கிறது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது இந்தியாவிலும் பலர் கலந்துகொள்கிறார்கள். உன் வீட்டுச் சுவரில் எடுத்த படத்தையும் தேதியோடு, ஊர் பெயரோடு அதில் சேர்க்கலாம். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பூச்சி இருக்கிறது என்ற கணக்கு இப்படிச் சின்னச் சின்னப் படங்களால்தான் வளர்கிறது.

அதுவரை எனக்காக ஒரு காரியம் செய். நாளைக் காலையில் உன் வீட்டு நந்தியாவட்டையின் இலைகளைப் பார். ஓரம் கடிபட்டிருந்தால் மெதுவாகக் குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார். நீலக் கண் புழு இருந்தால் அப்பாவிடம் ஓடிப்போய், "பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் அப்பா, இலையைத் தின்றாலும் செடி மறுபடி துளிர்த்துவிடும்" என்று சொல். நீ சொன்னால் அவர் கேட்பார்.